ஆயுதம் களைந்த சீமை – 7: வளரி வீசக் கற்ற வெள்ளைக்காரர்

சென்ற வாரம் கயத்தாறில் நின்றோம். 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார் மேஜர் பேனர்மேன். பார்த்தாவது புத்தி வரட்டும் என்று வரவழைத்திருந்த மற்றப் பாளையக்காரர்களுக்கு அடுத்துக் கட்டளை பிறந்தது. கோட்டைகளை இடிக்க வேண்டும். துப்பாக்கி, ஈட்டி, வேல் எல்லாவற்றையும் கும்பினியிடம், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியிடம், ஒப்படைக்க வேண்டும். மீறினால் மரணம் வரை தண்டனை.

பதினாறு மாதம்கூட ஆகவில்லை. 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பினார். இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை ஒரு வாரத்துக்குள் மறுபடி எழுந்தது. மார்ச் 31 அன்று அதன்மேல் பாய்ந்த கும்பினிப் படை பலத்த சேதத்தோடு திரும்பி ஓடியது. மே 24இல்தான் கோட்டை விழுந்தது. அப்போதும் ஊமைத்துரை அகப்படவில்லை. சிவகங்கைச் சீமைக்குள் புகுந்து சிறுவயலில் சின்ன மருதுவிடம் சேர்ந்துவிட்டார்.

ஆள் இருந்தால் மண் சுவரை ஒரு வாரத்தில் எழுப்பிவிடலாம். ஈட்டியும் துப்பாக்கியும் ஒரு வாரத்தில் முளைக்குமா? பேனர்மேன் கேட்டதும் ஊர் ஊராகக் கொண்டுவந்து குவித்துவிடவில்லை என்பதற்கு அந்த மார்ச் 31 போதும்.

அது தோற்ற தடை. இந்த வாரம், ஜெயித்த தடை.

◆◆◆

அதற்கு முன்னால் ஆறு வருடம் பின்னே போக வேண்டும். 1795, மதுரை.

கோட்டைக்குள் கும்பினியின் பட்டாளம் நிலைகொண்டிருக்கிறது. அதில் ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஓர் இளம் அதிகாரி. வேட்டைப் பிரியர், புதிய இடங்களைச் சுற்றிப் பார்ப்பதில் ஆசை உள்ளவர். மதுரையிலிருந்து கிழக்கே சிவகங்கைச் சீமைக்குப் போய்வருகிற பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. அங்கே மருது சகோதரர்கள் அவருக்குச் சிநேகிதர்களானார்கள்.

முப்பத்தைந்து வருடம் கழித்து, 1830இல், வெல்ஷ் தன் ராணுவ நினைவுகளை இரண்டு பாகமாக வெளியிட்டார். சின்ன மருதுவைப் பற்றி அதில் அவர் எழுதியிருப்பது, தூக்கில் போடப்பட்ட எதிரியைப் பற்றி எழுதுகிற எழுத்தாக இல்லை. சீமையின் அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் காவலே கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்று வியக்கிறார். அண்ணன் பெரிய மருது ஆட்சி விவகாரத்தில் தலையிடாமல் எந்நேரமும் வேட்டைக் காட்டிலேயே இருந்தார் என்றும், ஆற்காட்டு ரூபாயை விரலாலேயே வளைத்துவிடுவார் என்று ஊரில் பேச்சு என்றும் எழுதுகிறார்.

நமக்கு வேண்டியது அடுத்த செய்தி. ஈட்டி எறியவும், வளரி வீசவும் வெல்ஷுக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது.

வளரியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பிறை போல் வளைந்த தடி. பெரும்பாலும் கட்டை மரம், சிலது இரும்பு. ஒரு முனை கனமாகவும் மறுமுனை லேசாகவும் இருக்கும். வெளிவிளிம்பைக் கூராக்கியிருப்பார்கள். லேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, விட வேண்டும். முயலோ மானோ, கால் ஒடிந்து விழும். தேர்ந்த கை வீசினால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்பது வெல்ஷ் தரும் கணக்கு.

அந்தக் காலத்துத் துப்பாக்கிக்கே நூறு கஜத்தில் குறி உறுதி கிடையாது.

◆◆◆

அன்று ஊர்க்காரர்கள் கையில் இருந்த துப்பாக்கி எப்படிப்பட்டது? இதைப் புரிந்துகொள்ளாமல் கும்பினியின் கவலை புரியாது.

திரித் துப்பாக்கி. நீளமான இரும்புக் குழாய், அதைத் தாங்க மரக்கட்டை. குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டையோ இரும்புத் துண்டுகளையோ போட்டு, இடிகம்பியால் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் சின்னக் கிண்ணி, அதிலும் சிட்டிகை மருந்து. விசையை இழுத்தால் கனன்றுகொண்டிருக்கும் நூல்திரி வந்து கிண்ணியில் படும். தீ துவாரம் வழியாக உள்ளே பாயும்.

மழை வந்தால் முடிந்தது. இரவில் திரியின் கங்கு சுடுபவனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு குண்டு சுட்டு மறுகுண்டு போடுவதற்குள் எதிரி ஓடியே வந்துவிடலாம். கும்பினிச் சிப்பாய் வைத்திருந்தது சக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கி. திரி வேண்டாம், வேகம் அதிகம், முனையில் கத்தி வேறு மாட்டிக்கொள்ளலாம்.

அப்படியென்றால் இந்தப் பழைய குழாய்களைப் பார்த்துக் கும்பினி ஏன் பயந்தது?

இந்தத் துப்பாக்கிக்குக் கப்பல் வர வேண்டியதில்லை. குழாயை உள்ளூர்க் கொல்லன் அடித்துக்கொடுப்பான். வெடியுப்பை மண்ணிலிருந்து வடித்துக் காய்ச்சி எடுப்பார்கள். கரி ஊரிலேயே உண்டு. கந்தகமும் ஈயமும் மட்டும் சந்தைச் சரக்கு. பறித்தால் பத்து நாளில் வேறொன்று வந்துவிடும். ஈட்டியைக் கேட்கவே வேண்டாம். கள்ளர் நாட்டவர் ஏந்திய ஈட்டி பதினெட்டு அடி நீளம் என்று கும்பினி வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். கருவேலம் புதருக்குள்ளிருந்து பதினெட்டு அடி நீளத்துக்கு ஈட்டி நீளும்போது, துப்பாக்கிமுனைக் கத்தி எதற்கு உதவும்?

ஆயுதத்தைப் பிடுங்கினால் போதாது, அதைச் செய்யச் சொல்கிறவன் இருக்கக் கூடாது என்கிற முடிவுக்குக் கும்பினி வந்தது இந்த 1801இல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

◆◆◆

1801 ஜூன் 16. திருச்சிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஓர் அறிக்கை ஒட்டப்பட்டது. சின்ன மருதுவின் பெயரால் வந்த அறிக்கை. எல்லாச் சாதியாரையும், கும்பினியிடம் சம்பளம் வாங்கும் சிப்பாய்களையும்கூட விளித்து, வெள்ளையருக்கு எதிராக ஆயுதம் எடுக்கச் சொன்னது.

ஒரு தரப்பு ஆயுதத்தைக் கீழே போடு என்கிறது. மறுதரப்பு எல்லாரும் ஆயுதத்தை எடுங்கள் என்கிறது. இரண்டுமே ஊரறிய விடுத்த அறிக்கைகள்தாம்.

கர்னல் அக்னியூ தலைமையில் படை சிவகங்கைக்குள் நுழைந்தது. அதில் வெல்ஷும் இருந்தார்.

ஜூலைக் கடைசியில் படை சிறுவயலை நெருங்கியபோது ஊர் எரிந்துகொண்டிருந்தது. எதிரியின் கையில் சிக்க வேண்டாம் என்று மருதிருவரே தங்கள் ஊருக்குத் தீ வைத்துவிட்டு, காளையார்கோயில் காட்டுக்குள் போய்விட்டார்கள். வெல்ஷ் விருந்தாளியாகப் போய்வந்த வீடும் அந்த ஊரில்தான் இருந்தது.

சிறுவயலிலிருந்து காளையார்கோயில் கூப்பிடு தூரம் இல்லை என்றாலும் தொலைதூரமும் இல்லை. நடுவில் காடு. மரத்தை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டே முன்னேறலாம் என்று அக்னியூ கணக்குப் போட்டார். பகலெல்லாம் வெட்டுவார்கள், பக்கவாட்டுப் புதர்களிலிருந்து ஈட்டியும் குண்டும் வரும். ஒரு மாதம் இப்படியே போனது. காய்ச்சலும் காயமுமாக ஆட்கள் விழுந்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் பாதையைப் பாதியில் கைவிட்டு, படை ஒக்கூருக்குப் பின்வாங்கியது.

ஆயுதத்தால் முடியாததை அதன்பிறகு ஓர் ஆளை வைத்து முடித்தார்கள்.

படமாத்தூர் கௌரிவல்லப உடையத்தேவர் சிவகங்கை அரச வம்சத்தைச் சேர்ந்தவர். மருதிருவர் மேல் அவருக்குப் பழைய பகை. செப்டம்பர் 12 அன்று சோழபுரத்தில் அவரைச் சிவகங்கையின் ஜமீன்தாராகக் கும்பினி அறிவித்தது. அரச குடும்பத்து விசுவாசம் உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பக்கம் மாறினார்கள். காட்டுக்குள் போகும் வழி தெரிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. அக்டோபர் 1 அன்று, பல பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் நுழைந்த படையிடம் காளையார்கோயில் வீழ்ந்தது. ஒரு மாதம் வெட்டியும் எட்டாத இடம், ஒரே காலைப் பொழுதில்.

சின்ன மருது தொடை முறிந்த நிலையில் பிடிபட்டார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் சகோதரர்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் தூக்கில் தொங்கினார்.

தனக்கு வளரி கற்றுக்கொடுத்த மனிதர் காட்டு விலங்கைப் போல விரட்டிப் பிடிக்கப்பட்டார் என்று வெல்ஷே வருத்தத்தோடு எழுதினார். அந்த வருத்தம் உண்மையானதுதான். அந்த வேட்டையில் அவரும் இருந்தார் என்பதும் உண்மை.

◆◆◆

1801 டிசம்பர் 1. சென்னை, புனித ஜார்ஜ் கோட்டை.

கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பில் கையெழுத்திட்டார். பிளாசிச் சண்டை கிளைவின் மகன். தகப்பனுக்கு இருந்த பேர் இவருக்குக் கிடையாது. ஆனால் தென்னாட்டைப் பொறுத்தவரை தகப்பன் சண்டையிட்டுச் செய்ததைவிட அதிகத்தை இந்த ஒரு காகிதத்தால் செய்துவிட்டார்.

அறிவிப்பு நேரடியானது. பாளையக்காரர்களின் படைப் பொறுப்பு இனி இல்லை. தாக்குதலுக்கு உதவும் எல்லா ஆயுதங்களின் உபயோகமும் ஒடுக்கப்படும், அரசாங்கம் அனுமதித்தவை நீங்கலாக. தண்டனைக்கென்று பிரித்துவைத்தவர்கள் தவிர மற்றவர்களுக்கு மன்னிப்பு. அடங்கி நடக்கும் பாளையக்காரருக்கு நிலையான தீர்வையில் ஜமீன் உரிமை.

பேனர்மேனின் கட்டளைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பேனர்மேன் மிரட்டினார். கிளைவ் மிரட்டலோடு விலையும் பேசினார். கோட்டையையும் படையையும் விட்டுக்கொடு, பட்டா தருகிறேன். 1802இல் நிரந்தரத் தீர்வைச் சட்டம் வந்தது, 1803இல் பாளையங்களுக்கு ஜமீன் சன்னதுகள் வந்தன. குதிரைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் கணக்குப்பிள்ளை நீட்டும் ஓலையைப் பார்க்க உட்கார்ந்தார்கள்.

கும்பினிக்கு இந்தத் துணிச்சல் வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஆற்காட்டு நவாபோடு செய்த ஒப்பந்தத்தால் கர்நாடகத்தின் ஆட்சியே கும்பினி கைக்கு வந்துவிட்டது. அதுவரை நவாபுக்காக வரி வசூலிக்கிறோம் என்ற போர்வை இருந்தது. இனி ராஜாவும் அவர்கள், தாசில்தாரும் அவர்கள்.

அறிவிப்பில் ‘அரசாங்கம் அனுமதித்தவை நீங்கலாக’ என்று ஓர் ஓட்டை விட்டிருக்கிறார்கள், கவனித்தீர்களா? இன்றைக்குக் கலெக்டர் ஆபீசில் உரிமத்துக்கு மனுப் போட்டுவிட்டு நடையாய் நடக்கிறவர்கள் அத்தனை பேரும் நுழைகிற வாசல் அந்த ஓட்டைதான்.

◆◆◆

இனி அந்தக் காலத்து வாதப் பிரதிவாதத்துக்கு வருவோம். பாளையக்காரர்களுக்காகக் கண்ணீர் விடுவதும், கும்பினி அமைதியைக் கொண்டுவந்தது என்று பாராட்டுவதும் இரண்டுமே சுலபம். விவகாரம் அதைவிடச் சிக்கல்.

மதுரைச் சமவெளியில் ஆயுதம் என்பது காவலோடு சேர்ந்தது. ஊருக்குள் ஸ்தல காவல், பல ஊர்களைச் சேர்த்துத் திசைக்காவல். காவல்காரருக்குக் களத்தில் நெல், வீட்டுக்கு இவ்வளவு பணம் என்று வரும்படி. பதிலுக்கு ஒரு பொறுப்பு. மாடு களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் கைப்பணத்திலிருந்து ஈடு கட்ட வேண்டும். இன்றைய போலீஸுக்கு இப்படியொரு நிபந்தனை வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப்பாருங்கள்.

ஈட்டி இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. ஆகவே பாளையக்காரர் தரப்பு நியாயம் சுலபமாகப் புரிகிறது: காவலை எங்களிடம் விட்டுவிட்டு ஆயுதத்தை மட்டும் எப்படிக் கேட்கிறீர்கள்?

கும்பினிக் கலெக்டர்களின் பதிலும் லேசானதல்ல. திண்டுக்கல் பக்கம் ஹர்டிஸ், பாளையங்களின் பேஷ்குஷ் (கப்பம்) வசூலுக்கு லஷிங்டன். இவர்கள் சொன்னதன் சாரம்: காவல் என்ற பெயரில் நடப்பது வசூல். திசைக்காவல் கொடுக்காத ஊரில் களவு நடக்கிறது, கொடுத்த ஊரில் நடப்பதில்லை. காப்பவன் யார், களவாடுபவன் யார்?

இதில் பொய் இல்லை. மாட்டைத் திருப்பிக்கொடுக்க வாங்கும் பணத்துக்குத் ‘துப்புக்கூலி’ என்று பெயரே இருந்தது. மாட்டைப் பறிகொடுத்த சம்சாரி, துப்புச் சொல்பவனும் ஓட்டிப்போனவனும் ஒருவருக்கொருவர் தெரியாதவர்கள் என்று நம்பியிருக்க மாட்டார். பாளையத்துப் படைகள் ஒன்றின் எல்லைக்குள் ஒன்று புகுந்து கொள்ளையடித்த கதைகளும் ஏராளம். அந்த ஈட்டிகள் வெள்ளைக்காரனை மட்டும் குத்தவில்லை.

ஆனால் கலெக்டர்கள் சொல்லாமல் விட்டதும் உண்டு. காவல் வரும்படி ஒழிந்து சம்சாரியின் பாரம் குறைந்ததா? திசைக்காவல் உரிமையையும் அதன் வருமானத்தையும் கும்பினி தன் பக்கம் எடுத்துக்கொண்டது. சம்சாரி கொடுப்பது நிற்கவில்லை, வாங்குகிறவர் மாறினார். பதிலுக்கு 1802இல் வங்காளத்துப் பாணியில் தரோகா போலீஸ் வந்தது. களவு போன மாட்டுக்குத் தரோகா ஈடு கட்டியதாக நான் எங்கும் படித்ததில்லை. அந்த ஏற்பாடு பதினான்கு வருடம்தான் தாக்குப்பிடித்தது. 1816இல் ஊர் மணியக்காரரிடமே பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். பொறுப்பு திரும்பியது, ஈட்டி திரும்பவில்லை.

◆◆◆

எல்லா ஆயுதங்களுக்கும் தடை என்று எழுதுவது சுலபம். எது ஆயுதம்?

வளரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மருதுவின் கையில் அது போர்க்கருவி. முயல் பிடிக்கப் போகிறவன் கையில் வேட்டைத் தடி. கள்ளர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் மாற்றிக்கொள்ளும் சீர். வளரித் தடியை அனுப்பிப் பெண்ணை அழைத்து வா என்று சொலவடையே இருந்ததாகச் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். சீரைப் பறிமுதல் செய்வதா?

திருப்பாச்சேத்தி அரிவாள் இன்னொரு சங்கடம். மதுரையிலிருந்து மானாமதுரை போகிற வழியில் அந்த ஊர்ப் பட்டறைகளில் அடித்த அரிவாள் கதிரையும் அறுக்கும், கழுத்தையும் அறுக்கும். சுதந்திர இந்தியா 1959இல் தன் ஆயுதச் சட்டத்தை எழுதியபோது, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் ‘மட்டுமே’ ஆன கருவி ஆயுதமாகாது என்று விலக்கு வைத்தது. அந்த ‘மட்டுமே’யை வைத்து மாவட்ட நீதிமன்றங்களில் வக்கீல்கள் இன்றைக்கும் பிழைக்கிறார்கள்.

அதே 1959ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு விசேஷம். துப்பாக்கியின் சத்தத்தையும் தீப்பொறியையும் குறைப்பதற்காக மாட்டும் துணைக்கருவிகளையும் ‘துப்பாக்கி’ என்ற விளக்கத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதாவது சைலன்சர் ஒன்றை மட்டும் பையில் வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள்.

இப்படி முன்கூட்டி எழுதிவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே ‘பம்ப் ஸ்டாக்’ என்று ஒரு துணைக்கருவி. துப்பாக்கியின் பின்கட்டைக்குப் பதிலாக இதைப் பொருத்தினால், சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும்; மறுகையால் முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தால், அசையாமல் இருக்கும் விரலில் விசை திரும்பத் திரும்ப மோதும். பார்ப்பவருக்கு இயந்திரத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸ் இசை விழாக் கூட்டத்தின்மேல் ஒருவன் சுட்டு அறுபது பேர் இறந்தபோது, அவன் இதைத்தான் பயன்படுத்தியிருந்தான். மறுஆண்டே அரசாங்கம், இது இயந்திரத் துப்பாக்கிக்குச் சமம் என்று விதி போட்டுத் தடை செய்தது.

2024 ஜூன் 14 அன்று அந்தத் தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ரத்து செய்தது. விசையின் ஒரே இயக்கத்தில் பல குண்டு வெளியேறினால்தான் இயந்திரத் துப்பாக்கி என்கிறது அவர்களது பழைய சட்டம். இதில் ஒவ்வொரு குண்டுக்கும் விசை தனித்தனியாக இயங்குகிறது, ஆகவே இது அதுவல்ல என்றது பெரும்பான்மை. விரலைப் பார், அது ஒரே இடத்தில்தானே நிற்கிறது என்றது சிறுபான்மை. விரலா, விசையா என்ற கேள்வியில் ஒரு தேசத்தின் சட்டம் நின்றது.

எட்வர்ட் கிளைவுக்கு இந்தத் தொல்லையே இல்லை. எது ஆயுதம் என்று அவருக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கவில்லை. எவன் கையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். முடிவெடுக்கக் கோர்ட்டும் கிடையாது, தாசில்தாரும் சிப்பாயும் உண்டு.

கும்பினியின் பக்கம் நின்ற புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆயுதசாலையை யாரும் தொடவில்லை. அதனால்தான் ஒரு நூற்றாண்டு கழித்து தர்ஸ்டன் வளரியைத் தேடியபோது, மருதுவின் மண்ணை விட்டுவிட்டுப் புதுக்கோட்டைத் திவானிடம் விவரம் கேட்க வேண்டியிருந்தது. சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த மர வளரியும் இரும்பு வளரியும் புதுக்கோட்டைச் சரக்கு. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து இரண்டு தந்த வளரிகள். தோற்றவனின் ஆயுதம், ஜெயித்தவனின் கூட்டாளி வீட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது.

◆◆◆

1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பல் பினாங்குக்குப் புறப்பட்டது. நாடு கடத்தப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. வயது பதினைந்து. 1818இல் பினாங்குக்குப் போன வெல்ஷைப் பார்க்க ஒரு மனிதர் வந்தார். முகம் சுருங்கி முதுமை தட்டியிருந்த அவரை வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் புரிந்தது. அப்போது துரைசாமி முப்பது வயதைச் சற்றே தாண்டியவர்தான்.

இங்கே மதுரையில் காலம் ஓடியது. பாளையங்களின் கோட்டைகள் ஏற்கெனவே இடிந்துகிடந்தன. 1830களின் பிற்பகுதியில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டை மதிலையே இடித்து, அகழியைத் தூர்த்து, வீதிகள் போட்டார். எழுபத்திரண்டு பாளையங்களுக்கும் ஒவ்வொரு கொத்தளம் என்று சொல்லப்பட்ட மதில் அது. வேலையை மேற்பார்த்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றும் வீதிப் பெயராக இருக்கிறார்கள். படையும் இல்லை, கோட்டையும் இல்லை, திறந்த ஊர்.

ஆனால் 1878இல் வைஸ்ராய் லிட்டன் இந்தியா முழுவதற்கும் புதிய ஆயுதச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அக்டோபர் 1 முதல் அமல். அதன் பட்டியலைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். துப்பாக்கி, பீரங்கி, வாள் சரி. ஈட்டி உண்டு, காம்பில்லாத ஈட்டிமுனையும் உண்டு, வில்லும் அம்பும் உண்டு. ஆயுதங்களின் உதிரி பாகங்கள் உண்டு. வேண்டுமானால் ஈயத்தையும் கந்தகத்தையும் வெடியுப்பையும்கூட அறிவிக்கை போட்டு உள்ளே கொண்டுவரலாம் என்றது சட்டம். அந்த வெடியுப்பு நமக்குப் பழக்கமான சரக்கு, மதுரைப் பக்கத்து நாட்டுத் துப்பாக்கிக்குத் தீனி.

இத்தனைக்கும் உரிமம் வேண்டும், இந்தியனாக இருந்தால். ஐரோப்பியருக்கு விலக்கு.

1801இலேயே தென்சீமையில் ஆயுதம் ஒழிந்தாயிற்று என்றால், எழுபத்தேழு வருடம் கழித்து ஈட்டிமுனைக்கும் வெடியுப்புக்கும் லிட்டன் ஏன் சட்டம் எழுத வேண்டியிருந்தது? 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் அந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரி, வங்காளத்திலிருந்து வந்திருந்த பிபின் சந்திர பால் என்ற இளைஞர் எழுந்து பேசியபோது, பந்தலில் இருந்த பெரியவர்களே ஏன் நெளிந்தார்கள்?

(அடுத்த வாரம்)